ஊருக்குப் பெட்டி கட்டும் முன்: லக்கேஜ் கட்டணம் இல்லாமல் போய்வர ஒரு முழுமையான வழிகாட்டி

நாலு கிலோ. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் என் தம்பி பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்த அன்று கூடுதலாக இருந்தது அவ்வளவுதான். அம்மாவுக்கு வாங்கிய போர்வை, அக்கா பிள்ளைகளுக்கு வாங்கிய மைலோ, அப்பாவின் முழங்காலுக்குக் கோடாரித் தைலம் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தான். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் எதையும் விட மனம் வராமல், கையில் வைத்திருந்த பணத்தில் அந்த நாலு கிலோவுக்கும் கட்டினான். அது அவன் இரண்டு நாள் சம்பளத்துக்கு மேல். டிக்கெட் எடுத்த அன்றே ஐந்து கிலோ சேர்த்து வாங்கியிருந்தால் அதில் பாதிகூட ஆகியிருக்காது.

விதி டிக்கெட்டிலேயே எழுதியிருந்தது. நாங்கள் யாரும் அதைப் படிக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் ஊருக்குப் போனாலும் லக்கேஜ் கணக்கை நான்தான் பார்க்கிறேன். பல வருடம் இப்படிப் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் இது: கட்டணம் செக்-இன் மேசையில் முடிவாவதில்லை. டிக்கெட் வாங்கும் நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதல் படி: விலையைப் பார்க்கும் முன் கிலோவை முடிவு செய்யுங்கள்

நம்மில் பெரும்பாலானோர் குறைந்த விலை டிக்கெட்டைத் தேடி எடுத்துவிட்டு, கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போதுதான் "எத்தனை கிலோ கொடுத்திருக்கான்?" என்று கேட்கிறோம். இந்த வரிசையை மாற்றுங்கள். ஒரு தாளில் இரண்டு எண்களை எழுதுங்கள்: போகும்போது எத்தனை கிலோ, வரும்போது எத்தனை கிலோ. இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ போகிறவருக்குப் போகும்போது கனம். கல்யாணத்துக்குப் போய்ப் பட்டுப்புடவையும் பாத்திரமும் பலகாரமுமாகத் திரும்புகிறவருக்கு வரும்போது கனம். நாலு நாள் துக்க காரியத்துக்குப் போகிறவருக்குப் பெரும்பாலும் கைப்பையே போதும்.

மலிவுக் கட்டண நிறுவனங்களில் போகும் வழிக்கும் வரும் வழிக்கும் லக்கேஜைத் தனித்தனியாக வாங்கலாம். போக 30, வர 20 என்று எடுப்பதில் தடையில்லை. இரண்டு பக்கமும் 30 என்று அழுத்திவிட்டுப் பாதிப் பெட்டியோடு திரும்பி வருகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். வாங்கிய கிலோவைப் பிறகு கூட்ட விடுவார்கள். குறைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். அதனால் சந்தேகம் இருந்தால் குறைவாக எடுத்துவிட்டு, பயணத்துக்கு முன் ஒரு படி ஏற்றிக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: உங்கள் டிக்கெட்டில் என்ன இருக்கிறது என்று படியுங்கள்

டிக்கெட்டோடு பெட்டியும் சும்மா போகும் என்பது ஒரு காலத்தில் பெரும்பாலான விமானங்களுக்குப் பொருந்தியது. 2008இல் எரிபொருள் விலை ஏறியபோது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பெட்டிக்கே 15 அமெரிக்க டாலர் கேட்கத் தொடங்கியது. மற்ற பெரிய அமெரிக்க நிறுவனங்கள் பின்தொடர்ந்தன. பல ஆண்டுகள் இலவசப் பெட்டியைப் பெருமையாகச் சொல்லிவந்த சவுத்வெஸ்ட்டும் 2025 மே மாதக் கடைசியில் கட்டணத்துக்கு மாறிவிட்டது. நம் பக்கத்தில் மலிவுக் கட்டண விமானங்கள் பல காலமாகவே இருக்கையைத் தனியாக, பெட்டியைத் தனியாக விற்கின்றன. டைகர்ஏர் காலத்திலிருந்து திருச்சிக்குப் போய்வந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். டைகர்ஏர் 2017இல் ஸ்கூட் என்ற மலிவுக் கட்டண நிறுவனத்தோடு இணைந்துவிட்டது. வியாபார முறை அப்படியே தொடர்கிறது.

சிங்கப்பூரிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போகும் விமானங்களை இப்படிப் பிரித்துப் பாருங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்ற முழுச் சேவை நிறுவனத்தில் எகானமி வகுப்பின் குறைந்த டிக்கெட்டிலும் 25 கிலோ சேர்ந்தே வருகிறது. ஸ்கூட்டின் அடிப்படை டிக்கெட்டில் செக்-இன் பெட்டிக்கு இடமே இல்லை. 10 கிலோ கைப்பை மட்டும்தான். பெட்டி வேண்டுமானால் தனியாக வாங்க வேண்டும், அல்லது பெட்டி சேர்ந்த டிக்கெட் வகையை எடுக்க வேண்டும். அதே ஸ்கூட்டில் ஸ்கூட்பிளஸ் இருக்கைக்கு 30 கிலோ பெட்டியும் 15 கிலோ கைப்பையும் உண்டு. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் 'எக்ஸ்பிரஸ் லைட்' என்ற பெயரில் வருவது செக்-இன் பெட்டி இல்லாத டிக்கெட். 'லைட்' என்ற சொல்லை எந்த நிறுவனத்தின் டிக்கெட்டில் பார்த்தாலும் அங்கேயே நின்று, பெட்டி உண்டா இல்லையா என்று பாருங்கள்.

இந்த எண்கள் வழித்தடத்துக்கும் டிக்கெட் வகைக்கும் ஏற்ப மாறும். நிறுவனங்களும் அவ்வப்போது மாற்றும். போன வருடம் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு 30 கிலோ கொடுத்தார்கள் என்பது உங்கள் டிக்கெட்டுக்குச் சான்று ஆகாது. பணம் கட்டியதும் மின்னஞ்சலில் வரும் பயணச்சீட்டில் 'பேகேஜ்' என்ற வரி இருக்கும். அங்கே கிலோ கணக்கு இருந்தால் மொத்த எடை அது. பல பெட்டிகளில் பிரித்துக் கொண்டுபோகலாம். 'பீஸ்' என்று இருந்தால் எத்தனை பெட்டி என்பதே கணக்கு. நம் ஊர்ப் பயணங்களில் கிலோ கணக்குதான் அதிகம். அமெரிக்காவுக்குப் போகும்போது பீஸ் கணக்கு வரும். ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்று வரம்பு வைப்பார்கள். அங்கே 30 கிலோவில் ஒரு பெட்டி, 10 கிலோவில் ஒரு பெட்டி என்று கொண்டுபோனால் மொத்தம் குறைவாக இருந்தாலும் முதல் பெட்டிக்கு அபராதம் விழும்.

டிக்கெட் எந்த வகையாக இருந்தாலும் ஒரு தனிப் பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. தூக்கி ஏற்றும் ஊழியர்களின் முதுகைக் காக்க வைத்த வரம்பு அது. 40 கிலோ வாங்கியிருந்தாலும் அதை இரண்டு பெட்டியாகத்தான் கொண்டுபோக வேண்டும்.

மூன்றாம் படி: முழு விலையை ஒப்பிடுங்கள்

கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். ஒரு மலிவு டிக்கெட் 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதில் பெட்டி இல்லை. போக வர 25 கிலோ சேர்த்தால் 90 வெள்ளி, சாப்பாடு 20 வெள்ளி, குடும்பம் சேர்ந்து உட்கார இருக்கை 20 வெள்ளி. மொத்தம் 330. இன்னொரு நிறுவனத்தில் டிக்கெட் 320. அதில் 25 கிலோவும் சாப்பாடும் இருக்கைத் தேர்வும் உள்ளடக்கம். முதல் பக்கத்தில் 120 வெள்ளி மலிவாகத் தெரிந்தது, கடைசிப் பக்கத்தில் 10 வெள்ளி அதிகமாகிவிட்டது.

எப்போதும் இப்படித்தான் ஆகும் என்று சொல்லவில்லை. கைப்பையோடு மட்டும் போகிறவருக்கு மலிவு டிக்கெட் மலிவுதான். ஆனால் ஒப்பிடும் இணையதளங்கள் முதலில் காட்டுவது பெட்டி இல்லாத விலை. பணம் கட்டும் பக்கம் வரைக்கும் போய், உங்கள் தாளில் எழுதிய கிலோவைச் சேர்த்து, அங்கே தெரியும் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். பயண முகவரிடம் எடுக்கிறவர்கள் "எல்லாம் சேர்த்து எவ்வளவு, அதில் எத்தனை கிலோ?" என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இணைப்பு விமானம் எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம்

தமிழ்நாட்டுக்காரர்கள் அதிகம் பணம் இழக்கும் இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தூத்துக்குடிக்குப் போக வேண்டிய ஒருவர் சிங்கப்பூர்–சென்னை டிக்கெட்டை ஓரிடத்தில் எடுக்கிறார்; 30 கிலோ. சென்னை–தூத்துக்குடி டிக்கெட்டை வேறிடத்தில் தனியாக எடுக்கிறார். இந்தியாவுக்குள் பறக்கும் எகானமி டிக்கெட்டில் வழக்கமான அளவு 15 கிலோ. சென்னையில் இறங்கி உள்நாட்டு முனையத்துக்குப் போனதும் அந்த 15 கிலோ வித்தியாசத்துக்குக் கிலோக் கணக்கில் கட்டணம் கேட்பார்கள். "நான் வெளிநாட்டிலிருந்து வருகிறேன்" என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நம்ப முடியாது. இரண்டும் தனித்தனி ஒப்பந்தம்.

இதற்கு மூன்று வழி உண்டு. ஒன்று, முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக, ஒரே பதிவு எண்ணில் எடுப்பது. அப்போது சீட்டில் அச்சான அளவு கடைசி ஊர் வரைக்கும் பொருந்துமா என்பதை அதே சீட்டில் ஒவ்வொரு பயணத்துக்கும் எதிரே பார்த்துக்கொள்ளலாம். இரண்டு, திருச்சி, மதுரை, கோவை என்று வீட்டுக்குப் பக்கமான நகரத்துக்கு நேரடி விமானம் இருக்கிறதா என்று பார்ப்பது. டிக்கெட் கொஞ்சம் கூடினாலும் உள்நாட்டு லக்கேஜ் கட்டணமும் அலைச்சலும் மிச்சம். மூன்று, சென்னையிலிருந்து ரயில். இந்திய ரயில்வேயில் ஸ்லீப்பருக்கும் மூன்றாம் வகுப்பு ஏசிக்கும் ஒருவருக்கு 40 கிலோ இலவசம், இரண்டாம் வகுப்பு ஏசிக்கு 50 கிலோ. என் சித்தப்பா இப்போதும் முத்துநகர் எக்ஸ்பிரஸில்தான் போகிறார். அவருக்கு அந்த இரவு முழுக்கத் தூக்கமும் ஆகிவிடுகிறது.

நான்காம் படி: கூடுதல் கிலோவை எப்போது வாங்குவது

கூடுதல் கிலோவின் விலை மூன்று கட்டமாக ஏறும். டிக்கெட் எடுக்கும்போதே சேர்த்தால் மலிவு. பிறகு இணையத்தில் உங்கள் பதிவுக்குள் போய்ச் சேர்த்தால் கொஞ்சம் கூடுதல். விமான நிலையத்தில் கிலோக் கணக்கில் கட்டினால் மிக அதிகம். மேசையில் ஐந்தாறு கிலோவுக்குக் கேட்கும் தொகைக்கு, முன்கூட்டியே வாங்கியிருந்தால் ஒரு முழுப் பெட்டியே போயிருக்கும்.

இணையத்தில் சேர்ப்பதற்கு விமானம் கிளம்பச் சில மணி நேரம் முன்பு வரை அவகாசம் இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும். அதனால் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே பெட்டியைக் கட்டி எடை பார்த்துவிடுங்கள். கூடுதலாக இருந்தால் அப்போதே இணையத்தில் ஒரு படி ஏற்றிக்கொள்ளலாம். கிளம்பும் நாள் மாலையில் தேக்காவுக்கு (சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரம்) போய்ப் பொருள் வாங்குகிறவர்களுக்கு இந்த அவகாசம் கிடைப்பதில்லை. முஸ்தபா சென்டர் இரவு வெகுநேரம் திறந்திருப்பதால் நம்மவர்களுக்கு அந்தக் கடைசி நேரப் பழக்கம் ஊறிவிட்டது. தயவுசெய்து அதை முந்தின வார இறுதிக்கு மாற்றுங்கள்.

அடிக்கடி பறக்கிறவர்கள், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பயணிகள் சலுகைத் திட்டமான கிரிஸ்ஃபிளையரில் உறுப்பினராகிவிடுங்கள். எலிட் கோல்டு நிலையை எட்டினால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 20 கிலோ கூடுதலாகக் கிடைக்கும். மாணவர்களுக்குக் கூடுதல் கிலோ தரும் நிறுவனங்களும் உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே மாணவர் சலுகையைத் தேர்வு செய்தால்தான் கிடைக்கும், மேசையில் அடையாள அட்டையைக் காட்டிக் கேட்பது தாமதம். கைக்குழந்தையின் தள்ளுவண்டிக்கும் நடக்க இயலாதவரின் சக்கர நாற்காலிக்கும் பொதுவாகக் கட்டணம் இல்லை.

ஐந்தாம் படி: கைப்பையை மதித்துப் பயன்படுத்துங்கள்

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எகானமியில் கைப்பை 7 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஸ்கூட்டில் ஒரு கைப்பையும் ஒரு சிறு பையும் சேர்த்து 10 கிலோ. பெரிய பை 54, 38, 23 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். மலிவுக் கட்டண விமானங்களில் கைப்பையையும் எடை போடுவார்கள், சில சமயம் விமானத்தில் ஏறும் வாயிலிலேயே. அங்கே பிடிபட்டால் கட்டணம் மேசையைவிட உறைக்கும்.

கனமானதும் சின்னதுமான பொருள் கைப்பைக்கு: புத்தகம், மடிக்கணினி, மருந்து, நகை. கனமில்லாததும் பெரியதுமான பொருள் பெட்டிக்கு: போர்வை, துணி, பொம்மை. சாங்கியில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட புட்டியில் உள்ள திரவம் பொதுவாகக் கைப்பையில் ஏறாது. ஷாம்பு, தைலம், வாசனைத் திரவியம் எல்லாம் பெட்டிக்குள் போகட்டும்.

பவர் பேங்க் விஷயத்தில் மட்டும் கைப்பைதான் ஒரே வழி. செக்-இன் பெட்டியில் அதற்கு இடமில்லை. 100 வாட்-அவர் வரைக்கும் தனி அனுமதி தேவையில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் ஸ்கூட்டிலும் பறக்கும்போது பவர் பேங்க் கொண்டு சார்ஜ் செய்யக் கூடாது. கைப்பை கனமென்று வாயிலில் வாங்கிக் கீழே அனுப்பினால், அதற்குள் இருக்கும் பவர் பேங்க்கை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள மறக்காதீர்கள்.

ஆறாம் படி: பெட்டி கட்டும் முறை

முதலில் காலிப் பெட்டியை எடை போடுங்கள். பெரிய கெட்டிப் பெட்டி நாலு, ஐந்து கிலோ இருக்கும். 20 கிலோ வாங்கியவருக்கு அதில் கால்வாசி காலிப் பெட்டிக்கே போய்விடுகிறது. துணியால் ஆன லேசான பெட்டி மூன்று கிலோவுக்குள் அடங்கும். நம் ஊழியர் தங்குவிடுதிகளில் தம்பிமார்கள் அட்டைப்பெட்டியில் கட்டுகிறார்களே, அது ஒரு கிலோ அளவில்தான் இருக்கும். அதைக் குறைவாக நினைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. எனக்கு அந்தப் பழக்கத்தில் உடன்பாடில்லை. கிலோவுக்குக் காசு கேட்கும் இடத்தில் அட்டைப்பெட்டியைவிடப் புத்திசாலித்தனமான பெட்டி கிடையாது. நல்ல கெட்டி அட்டையாகப் பார்த்து, மூலைகளுக்கு அகல டேப் ஒட்டி, நாலு பக்கமும் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதுங்கள். கயிறு கட்டினால் நுனி தொங்காமல் வெட்டிவிடுங்கள், நகர்பட்டையில் சிக்கும்.

தொங்கவிட்டு எடை பார்க்கும் கைத்தராசு ஒன்று வாங்கி வையுங்கள். பத்து, பதினைந்து வெள்ளிக்குள் கிடைக்கும். ஒரே பயணத்தில் அந்தக் காசு திரும்பிவிடும். அது இல்லையென்றால் உடல் எடை பார்க்கும் தராசில் முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், வித்தியாசம்தான் பெட்டி. வீட்டுத் தராசும் விமான நிலையத் தராசும் ஒரே எண்ணைக் காட்டும் என்று நம்ப வேண்டாம். அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை குறைவாகவே கட்டுங்கள்.

குடும்பமாகப் போகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே பதிவு எண்ணில் டிக்கெட் எடுங்கள். பல நிறுவனங்கள் ஒரே பதிவில் உள்ளவர்களின் கிலோவை ஒன்றாகக் கூட்டிப் பார்க்கின்றன. நாலு பேருக்கு 80 கிலோ என்றால் ஒரு பெட்டி 24, இன்னொன்று 16 என்று இருந்தாலும் பிரச்சினை வராது. ஒரே வீட்டுக்காரர்கள் தனித்தனியாக டிக்கெட் எடுத்தால் இந்த வசதி போய்விடலாம். கூட்டிப் பார்ப்பார்களா என்று உங்கள் நிறுவனத்திடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எதை எடுப்பது, எதை விடுவது

இந்தக் கேள்விக்குத் தராசு மட்டும் பதில் சொல்லிவிடாது. நாம் கொண்டுபோவது வெறும் பொருளாக இருந்தால் பிரச்சினையே இல்லை. இரண்டு வருடம் பார்க்காத பிள்ளைக்கு அப்பா கொண்டுவரும் சாக்லேட் அது. அதனால் "எல்லாம் ஊரிலேயே கிடைக்குது, எதுக்குச் சுமக்கிறே?" என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனாலும் ஒவ்வொரு பொருளிடமும் ஒரு கேள்வி கேட்கலாம்: இதன் ஒரு கிலோவைக் கொண்டுபோக எனக்கு எவ்வளவு ஆகிறது?

25 கிலோவுக்கு 45 வெள்ளி கட்டியிருந்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 2 வெள்ளி. சலவைத்தூள் இரண்டு கிலோ கொண்டுபோனால் அதற்கு நாலு வெள்ளி வழிச்செலவு சேர்கிறது. அந்தக் காசுக்குப் புதுக்கோட்டைக் கடையிலேயே சலவைத்தூள் வாங்கிவிடலாம். பெரிய ஷாம்பு புட்டி, பழச்சாறுத் தூள், சோப்புக் கட்டு எல்லாம் இதே கணக்கு. சாக்லேட், தைலம், நல்ல போர்வை, குழந்தைக்குக் காலணி, அப்பாவுக்கு ஒரு டி-சட்டை இவை எடைக்குத் தகுந்த மகிழ்ச்சியைக் கொடுக்கும். தொலைக்காட்சிப் பெட்டி சுமந்த காலம் முடிந்துவிட்டது. 2013 ஆகஸ்டில் இந்தியச் சுங்கத்துறை தட்டைத்திரை தொலைக்காட்சிக்கு வரிவிலக்கை நிறுத்தியது. விமானத்தில் அளவு மீறிய பொருளுக்கான கட்டணமும் சேர்ந்துகொள்ளும்.

திரும்பி வரும்போது அம்மாவைச் சமாளிக்க வேண்டும். அதுதான் கடினம். எங்கள் வீட்டில் ஒவ்வொரு முறையும் இதே பேச்சு:

"இட்லி அரிசி அஞ்சு கிலோ எடுத்து வச்சிருக்கேன்டி."

"அரிசி தேக்காவுலயே கிடைக்குதும்மா. நீ இடிச்ச பருப்புப் பொடி குடு, வத்தல் குடு, அது எங்கேயும் கிடைக்காது."

அம்மா ஒத்துக்கொண்டார், ஏனென்றால் நான் வேண்டாமென்று மட்டும் சொல்லவில்லை. எது வேண்டும் என்பதையும் சொன்னேன். வத்தல், அப்பளம், முறுக்கு எல்லாம் இடத்தை அடைக்கும், எடை இருக்காது. நல்லெண்ணெய், ஊறுகாய், நெய் எடையும் அதிகம், கசியவும் செய்யும். ஒரு காஞ்சிப் பட்டு ஒரு கிலோவை நெருங்கும். கல்யாணத்துக்கு ஐந்து புடவை எடுத்தால் நாலைந்து கிலோ அங்கேயே முடிந்துவிடும். திரும்பும் வழிக்கு முன்கூட்டியே கிலோ ஏற்றிக்கொள்ள வேண்டியது அதனால்தான்.

கொப்பரைத் தேங்காயைச் செக்-இன் பெட்டியில் வைக்க இந்திய விமான நிலையங்களில் 2022 முதல் தடை இருக்கிறது. எண்ணெய்ச் சத்து மிகுந்த கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது. அதற்காகப் பெட்டியைத் திறக்கச் சொன்னால் கட்டிய ஒழுங்கெல்லாம் கலைந்துபோகும். இறைச்சியையும் முட்டையையும் சிங்கப்பூர் உணவு அமைப்பு அனுமதித்த நாடுகளிலிருந்து மட்டுமே இங்கே கொண்டுவரலாம். மெல்லும் புகையிலையும் சூயிங்கமும் வேண்டவே வேண்டாம்.

கார்கோவில் அனுப்புவது எப்போது லாபம்

வேலை முடித்து ஊருக்கே திரும்புகிறவர்கள், வீட்டைக் காலி செய்கிறவர்களுக்கு விமானப் பெட்டி போதாது. சிராங்கூன் சாலை வட்டாரத்தில் தமிழ்நாட்டுக்குப் பெட்டி அனுப்பும் கார்கோ கடைகள் இருக்கின்றன. கப்பல் வழி வாரக்கணக்கில் ஆகும், ஆனால் விமான வழியைவிட மலிவு. விமான வழியில் அனுப்பும்போது உண்மையான எடையோடு பருமன் எடையையும் பார்ப்பார்கள்: நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 அல்லது 6,000ஆல் வகுப்பது வழக்கம். இரண்டில் எது பெரியதோ அதற்குக் கட்டணம். போர்வை, தலையணை அடைத்த பெட்டி இந்தக் கணக்கில் நட்டமாகும். சுங்க வரி யார் கட்டுவது, வீடு வரைக்கும் வருமா, துறைமுகத்தோடு நிற்குமா என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

ஒருபோதும் செய்யக் கூடாதது

உங்களிடம் கிலோ மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தால் யாராவது வருவார்கள். "தம்பி, ஒரு சின்னப் பொட்டலம், திருச்சியில் எங்க ஆள் வாங்கிக்குவான்" என்பார்கள். கூடுதல் லக்கேஜ் கட்டணத்தையும் தாங்களே கட்டுவதாகச் சொல்வார்கள், சிலர் டிக்கெட்டே எடுத்துக் கொடுப்பார்கள். 'குருவி' என்ற சொல் இப்படிச் சுமக்கிறவர்களுக்குத்தான் வந்தது. உள்ளே தங்கம் இருந்தால் இந்தியச் சுங்கத்தில் வழக்கு. சிங்கப்பூருக்கு வரும் பெட்டியில் போதைப்பொருள் இருந்தால் இங்கே உள்ள சட்டத்தில் மரண தண்டனை வரைக்கும் போகும். பெட்டி யார் கையில் இருக்கிறதோ அவருக்கு அது தெரியும் என்றே சட்டம் முதலில் கொள்ளும். சொந்தக்காரர் கொடுத்தாலும் பிரித்துப் பார்த்து, நீங்களே திரும்பக் கட்டுங்கள். மனம் நோகுமே என்று தயங்க வேண்டாம்.

ஏழாம் படி: விமான நிலையத்தில்

இணையத்தில் செக்-இன் முடித்துவிட்டு, மூன்று மணி நேரம் முன்பு போய்ச் சேருங்கள். எடை கூடியிருந்தால் சரிசெய்ய நேரம் அங்கேதான் கிடைக்கும். வரிசையில் சேரும் முன், பெட்டியை மறுபடி ஒருமுறை கைத்தராசில் தூக்கிப் பாருங்கள். ஒரு காலிப் பையை மடித்து வெளிப்பக்கத்தில் வையுங்கள். தேவைப்பட்டால் கனமான இரண்டு பொருளை அதற்கு மாற்றலாம், கைப்பையின் வரம்புக்குள். பெட்டியின் மேல் அடுக்கில் எளிதில் எடுக்கக்கூடிய, விடத் தயாரான பொருளை வையுங்கள். தம்பி செய்த தவறு அதுதான்: சலவைத்தூள் அடியில் இருந்தது, அம்மாவின் போர்வை மேலே.

அரைக் கிலோ, ஒரு கிலோ கூடினால் மேசையில் இருப்பவர் விட்டுவிடலாம், விடாமலும் போகலாம். அது அவர் விருப்பம். உரிமையாகக் கேட்க முடியாது. மரியாதையாகக் கேளுங்கள். மறுத்தால் ஓரமாக வந்து, வழியனுப்ப வந்தவரிடம் எடையைக் குறைத்துக் கொடுங்கள். இதற்காகவே யாராவது ஒருவர் செக்-இன் முடியும் வரை கூட இருப்பது நல்லது. யாரும் இல்லாவிட்டால் சாங்கியில் பொருள்களைக் கட்டணத்துக்கு வைத்துவிட்டுப் போகும் இடம் இருக்கிறது. நண்பர் பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாமா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூருக்குத் திரும்பி வரும்போது இன்னொரு கணக்கு இருக்கிறது. வெளிநாட்டில் 48 மணி நேரமோ அதற்கு மேலோ இருந்துவிட்டு வரும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் புதிய பொருள்களில் 500 வெள்ளி வரை ஜிஎஸ்டி விலக்கு. அதற்குக் குறைவான நேரம் என்றால் 100 வெள்ளி. வேலை அனுமதி, மாணவர் அனுமதி வைத்திருப்பவர்களுக்கு இந்த விலக்கு இல்லை. பட்டும் நகையும் கொண்டுவருகிறவர்கள் ரசீதைக் கையில் வைத்து, வரம்பைத் தாண்டினால் தாங்களாகவே அறிவித்து 9 விழுக்காட்டைக் கட்டிவிடுங்கள்.

கட்டணம் கட்ட நேர்ந்துவிட்டால்

சில சமயம் எல்லாம் சரியாகச் செய்தும் மேசையில் தவறு நடக்கும். இணையத்தில் வாங்கிய கிலோ அவர்கள் திரையில் தெரியாமல் போகலாம். அதனால் லக்கேஜ் வாங்கிய உறுதிச்சீட்டைக் கைபேசியில் படமாகச் சேமித்து வையுங்கள். இணையம் இல்லாமலும் காட்ட முடிய வேண்டும். அப்படியும் கட்டச் சொன்னால் விமானத்தைத் தவறவிட வேண்டாம்: கட்டிவிட்டு, எத்தனை கிலோவுக்கு எவ்வளவு என்று அச்சிட்ட ரசீதையும் பெட்டி ஒட்டுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். ஒட்டுச்சீட்டில் எடை அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் பதிவு எண், பயண நாள், அந்த ரசீது, ஒட்டுச்சீட்டு, உறுதிச்சீட்டின் படம் எல்லாவற்றையும் இணைத்து நிறுவனத்துக்கு எழுதுங்கள். எங்கள் அக்காவுக்கு ஒருமுறை இப்படி இருமுறை கட்டிய தொகை ஆறு வாரத்தில் அட்டைக்கே திரும்பி வந்தது. அவர் அனுப்பிய மின்னஞ்சல் ஐந்து வரிதான், ஆனால் ஐந்திலும் எண் இருந்தது.